வாசலும் சாலையும்: முதலியார்பேட்டையிலிருந்து ஒரு திறந்த மடல்

புதுச்சேரியில் தெருக்களைப் போடுவது, பராமரிப்பது, அவற்றில் ஓடும் வண்டிகளை ஒழுங்குபடுத்துவது என்னும் வேலைகளைத் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டிருக்கும் அலுவலர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

கடலூர் சாலைக்கும் நூறடிச் சாலைக்கும் இடையே முதலியார்பேட்டையில் உள்ள குடியிருப்புத் தெருக்களுள் ஒன்றில் பிறந்து, அதே வீட்டில் அறுபது வயதைக் கடந்திருப்பவன் நான். தெருவின் பெயரை இங்கே வேண்டுமென்றே எழுதவில்லை. பெயரும் கதவு எண்ணும் குறித்த மனுவைத் தனியாகக் கொடுத்திருக்கிறேன். இந்த மடலிலும் அதை எழுதினால் இது ஒரு தெருவின் புகாராகச் சுருங்கி, ஒரு லோடு தார்க் கலவையோடு முடிந்துவிடும் என்ற அச்சம் எனக்கு உண்டு. குடியிருப்புத் தெருக்களில் வண்டிகளின் வேகத்தைக் குறைத்து, நடப்பவர்களையும் சைக்கிளில் போகிறவர்களையும் காக்க வேண்டும் என்று நான் சொல்ல வருவது நெல்லித்தோப்பிலும் சாரத்திலும் முத்தியால்பேட்டையிலும் லாஸ்பேட்டையிலும் குடியிருப்பவர்களுக்கும் பொருந்தும். 2006-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட வார்டு உறுப்பினர்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்தபின் இங்கே உள்ளாட்சித் தேர்தல் நடக்காததால், வழியில் நிறுத்திவைத்துக் கேட்பதற்கு எங்களுக்கு ஒரு கவுன்சிலர் இல்லை. ஆகவே நேரே உங்களுக்கு எழுதுகிறேன்.

எங்கள் தெரு அரை கிலோமீட்டர் நீளம். நானே நாடா பிடித்து அளந்தவரை, எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே எட்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவான அகலம். இருபுறமும் ஓடும் சைடு வாய்க்கால்களைக் கழித்துவிட்டால், வண்டிகளுக்கும் மனிதர்களுக்குமாகச் சேர்த்து மிஞ்சுவது ஆறு மீட்டர் அளவுதான். கடலூர் சாலையில் ரயில்வே கேட்டு மூடியிருந்தாலோ, மரப்பாலம் சந்திப்பில் வண்டிகள் தேங்கினாலோ, வரிசையின் வாலில் நிற்கப் பொறுமையில்லாதவர்கள் எங்கள் தெருவுக்குள் திரும்புகிறார்கள். முன்பெல்லாம் உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும் தெரிந்திருந்த இந்தக் குறுக்குவழியை இப்போது கைப்பேசி வரைபடம் எல்லாருக்கும் காட்டிக்கொடுத்துவிட்டது. பைக்குகள், கார்கள், டெம்போக்கள், பள்ளி வேன்கள், சனி ஞாயிறுகளில் வாடகை ஸ்கூட்டரில் ஊர் சுற்ற வந்தவர்கள் என்று எல்லாரும் வருகிறார்கள். வருவது பெரிய குறையில்லை. கேட்டு மூடியதால் இழந்த நிமிடங்களை எங்கள் தெருவில் மீட்டுவிட வேண்டும் என்ற முடிவோடு வருவதுதான் குறை.

‘வாசல்’ என்ற சொல்லிலிருந்து என் வாதத்தைத் தொடங்குகிறேன். வாசல் தெளிக்கிறோம் என்று சொல்லும்போது தண்ணீர் விழுவது நம் பட்டா நிலத்தில் அன்று, தெருவில். கோலம் விழுவதும் தெருவில்தான். கல்யாணத்துக்கு வாழைமரம் நிற்பதும், சாவு விழுந்த வீட்டுக்கு வந்தவர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பதும், கீரைக்காரி கூடையை இறக்கி வைப்பதும், கரண்ட் போன இரவில் எல்லாரும் வந்து நிற்பதும் அங்கேதான். சட்டப்படி அது பொதுவழி என்பதை நான் மறுக்கவில்லை. வழிப்போக்கர் எவரையும் தடுக்கும் உரிமை எங்களுக்கு இல்லை என்பதும் தெரியும். ஆனால் சாலை என்பது ஒருவர் கடந்து போவதற்காக ஏற்பட்டது. தெருவில் ஆட்கள் இருக்கிறார்கள். தெருவாக இருந்த ஓர் இடத்தை, எந்த அலுவலகமும் எந்தக் கோப்பிலும் அப்படி முடிவெடுக்காமலே, சாலையாக மாற்றிவிட்டோம். மாற்றிவிட்டார்கள் என்று எழுதாமல் மாற்றிவிட்டோம் என்று எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது.

கடந்த மார்கழியில் ஒரு நாள், காலை ஐந்தே முக்கால் இருக்கும். எதிர்வீட்டு அக்கா வாசல் தெளித்துப் புள்ளி வைத்து, பாதிக் கோலத்தை முடித்திருந்தார். மீதிப் பாதியைத் தெருவுக்கு முதுகைக் காட்டியபடிதான் போட முடியும். கோலம் போட்டிருப்பவர்களுக்கு இது தெரியும். அவர் வீட்டுக்கு நேர் முன்னால் ஒரு வேகத்தடை உண்டு. மழைநீர் வடிவதற்காக அதன் இரு ஓரங்களிலும் முக்கால் மீட்டர் அளவுக்கு இடைவெளி விட்டிருக்கிறோம். பால் பாக்கெட் போடும் பையன் ஒருவன், முன்னாலும் பின்னாலும் டிரேக்கள் கட்டிய பைக்கில், வேகத்தடையில் ஏறினால் பாக்கெட்டுகள் குலுங்கி உடையும் என்று அந்த ஓர இடைவெளிக்குள் வண்டியை வளைத்தான். கைப்பிடி அக்காவின் தோளில் பட்டது. அவர் வாய்க்கால் சிலாப்பின் மேல் கையூன்றி விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது கோலமாவு டப்பா நசுங்கிக் கிடந்தது; கோலத்தின் இழைகளுக்கு நடுவே ஒற்றை டயர்த் தடம் நேர்க்கோடாகப் போயிருந்தது.

அந்தப் பையன் ஓடிவிடவில்லை. அக்காவைத் தூக்கி உட்கார வைத்து, ஆட்டோ பிடித்து, மருத்துவமனையில் மாவுக்கட்டு போட்டு முடியும்வரை சுவரோரமாக நின்று அழுதுகொண்டிருந்தான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் அந்த வேகத்தடையை எந்த அரசு அலுவலகமும் போடவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாய் அடிபட்டுச் செத்ததற்குப் பிறகு, தெருக்காரர்கள் ஆளுக்கு நூறு ரூபாய் போட்டு, இரவோடு இரவாக ஒரு கொத்தனாரை வைத்துக் கான்கிரீட்டில் எழுப்பிய மேடு அது. பணம் கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

வேகத்தடையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. இந்த ஊரில் பாதசாரிகளின் பாதுகாப்பு என்று பேச்செடுத்தால் அத்தனை பேரும் முதலில் கேட்பது அதைத்தான். நான் பார்த்தவரை பெரும்பாலும் தவறாகக் கட்டுவதும் அதைத்தான். ஐ.ஆர்.சி. எனப்படும் இந்தியச் சாலைகள் பேரவையின் 99-ஆம் எண் நெறிமுறை, மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் வண்டிகள் கடப்பதற்கான மேடு 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டதாக, மெல்ல ஏறி மெல்ல இறங்கும் வளைவாக இருக்க வேண்டும் என்கிறது. எங்கள் மேடு அதைவிட உயரம் கூடியது. அகலமோ ஒரு முழம். சொன்ன வேகத்தில் வருபவரைச் சிரமமில்லாமல் விட்டு, மீறி வருபவரை மட்டும் உலுக்கி எடுப்பதுதான் சரியான மேட்டின் இலக்கணம். எங்களுடையது எல்லாரையும் ஒரே மாதிரி தூக்கிப் போடுகிறது: கர்ப்பிணியை, முதுகுவலிக்காரரை, கேரியரில் புத்தகப் பை கட்டிய பள்ளிப் பிள்ளையை. ஆகவே இரண்டு சக்கரத்தில் வருபவர்கள் அனைவரும் ஓரத்து இடைவெளியைத் தேடுகிறார்கள். அந்த இடைவெளிதான், எங்கள் தெருவில் நடப்பவர்களுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே இடம். நடப்பவரைக் காப்பதற்காகக் கட்டிய மேடு, வண்டிகளையெல்லாம் ஒன்று திரட்டி நடப்பவர் மேலேயே ஏவிவிடுகிறது. வெள்ளைப் பட்டையும் எச்சரிக்கைப் பலகையும் இல்லாததால், இரவில் சைக்கிளில் வந்து அதில் தடுக்கி விழுந்தவர்களும் உண்டு.

அந்த இடைவெளியை அடைத்துவிடலாமா என்றால் அதுவும் முடியாது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியில் கொட்டிய மழையில் எங்கள் தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. நீர் வழியை மறித்து எதைக் கட்டினாலும் அது வீட்டுக்குள் வரும். மேட்டைத் தெருவின் முழு அகலத்துக்கும் எடுத்துச் சென்று, அதனடியில் நீர் போகக் குழாய் பதிப்பதுதான் வழி. பொறியாளர்களுக்கு இது ஒரு நாள் வேலை. எங்கள் கொத்தனாருக்கு அது தெரியாது. அவரிடம் நாங்களும் சொல்லவில்லை.

அடுத்து, வேகம். மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட அறிவிக்கையின்படி நகராட்சி எல்லைக்குள் கார்களுக்கு உச்ச வேகம் 70 கிலோமீட்டர், இருசக்கர வண்டிகளுக்கு 60. அது மேல் வரம்பு மட்டுமே. அதற்குக் கீழே குறைத்துக்கொள்ள உள்ளூரில் அதிகாரம் உண்டு. அப்படித்தான் சென்னையில் 2023 நவம்பரிலிருந்து குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வண்டிகளுக்கும் 30 கிலோமீட்டர் என்று வரையறுத்தார்கள். மனிதர்களும் வண்டிகளும் கலந்து புழங்கும் இடங்களில் 30-க்கு மேல் கூடாது என்று 2020 பிப்ரவரியில் சாலைப் பாதுகாப்பு பற்றி ஸ்டாக்ஹோமில் கூடிய உலக நாடுகளின் அமைச்சர்கள் மாநாட்டுப் பிரகடனமும் சொன்னது.

முப்பது என்ற எண்ணைப் பிடிவாதமாக நான் ஏன் கேட்கிறேன் என்பதை எங்கள் தெருவின் அளவிலேயே விளக்குகிறேன். ஓட்டுநர் ஒருவர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிப்பதற்கு ஏறத்தாழ ஒரு நொடி ஆகும். காய்ந்த தரையில், 30 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர், அந்த ஒரு நொடியையும் சேர்த்து, சுமார் 13 மீட்டரில் வண்டியை நிறுத்திவிடுவார். எங்கள் தெருவில் வீடுகளின் முகப்பு இருபது அடி என்பதால், இரண்டு வீட்டுத் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் முழுதாக நிற்க 28 மீட்டர் வேண்டும், நாலரை வீடு. ஆனால் இந்த ஒப்பீட்டில் என்னைத் திடுக்கிட வைத்தது வேறு. 50-இல் வருபவர் அந்த ஒரு நொடித் தயக்கத்திலேயே கிட்டத்தட்ட 14 மீட்டர் வந்துவிடுகிறார். அதாவது, முதல் ஆள் வண்டியை நிறுத்திக் காலை ஊன்றியிருக்கும் இடத்தை இரண்டாம் ஆள் கடக்கும்போது, அவர் இன்னும் பிரேக்கைத் தொட்டிருக்கவே மாட்டார். பந்தை எடுக்க ஓடிவரும் குழந்தை அந்த இடத்தில் இருந்தால், முழு வேகமும் அதன் மேல்தான்.

இத்தனை ஆபத்தை விலையாகக் கொடுத்து அவர் சம்பாதிப்பது என்ன? அரை கிலோமீட்டரை 50-இல் கடந்தால் 36 நொடி. 30-இல் கடந்தால் 60 நொடி. இருபத்து நான்கு நொடி லாபம். கேட்டுக்கு முன்னால் நின்று ஒரு வாய் தண்ணீர் குடிக்கும் நேரம்.

2022-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். ஏறத்தாழ ஐவரில் ஒருவர். அவர்களிடம் வண்டியும் இல்லை, வேகமும் இல்லை. நடப்பவருக்கு உரிமை உண்டா என்ற கேள்விக்கு இனி விவாதம் தேவையில்லை. கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கில், 2025 மே 14 அன்று உச்ச நீதிமன்றம், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆம் கூறு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்று சொல்லி, அதற்கான நெறிமுறைகளை மாநிலங்களும் ஒன்றியப் பகுதிகளும் வகுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. ஒடிந்த எலும்புகளை ஆயுள் முழுவதும் ஒட்டவைத்துக்கொண்டிருந்த ஒருவர் நீதிமன்றப் படியேறியது தற்செயல் இல்லை என்றே நினைக்கிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, பொதுமக்களின் பாதுகாப்புக்காக ஒரு பகுதியிலோ ஒரு சாலையிலோ வண்டிகளைக் கட்டுப்படுத்த அதிகாரம் தருகிறது. 116-ஆம் பிரிவு அதற்கான பலகைகளை நட அதிகாரம் தருகிறது. 2019-இல் சேர்க்கப்பட்ட 198-ஏ பிரிவோ, சாலையின் வடிவமைப்பிலோ பராமரிப்பிலோ உள்ள குறையால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பானவருக்கு ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம் என்கிறது. மிரட்டுவதற்காக இதை எழுதவில்லை. உங்கள் கையில் அதிகாரமும் கடமையும் சேர்ந்தே இருக்கின்றன என்பதற்காக எழுதினேன்.

புதுச்சேரிக்கு இது புதிய பாடமும் இல்லை. கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணி ஆனதும் தடுப்புகளை இழுத்துப் போட்டு, மறுநாள் காலைவரை மோட்டார் வண்டிகளை விடாமல், அந்தச் சாலையை நடப்பவர்களுக்கே கொடுத்துவிடுகிறோம். ஊர் ஒன்றும் ஸ்தம்பித்துவிடவில்லை. வண்டிக்காரர்கள் வேறு தெரு வழியாகப் போய்க்கொள்கிறார்கள். காற்று வாங்க வருபவர்களுக்காகச் செய்ய முடிகிற ஒன்றில் கால்வாசியை, குடியிருப்பவர்களுக்காகச் செய்ய முடியாதா என்பதுதான் என் கேள்வி. அதற்கும் முன்னால் போனால், பழைய நகரைப் பிரெஞ்சுப் பகுதி, தமிழ்ப் பகுதி என்று பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் வாழ்ந்த தெருக்களில், திண்ணைக்கு முன்னால் மரத்தூண்கள் தாங்கிய தாழ்வாரம் தெருவோரமாக நீண்டு, போகிற வருகிற எவருக்கும் நிழல் தந்தது. வைசியாள் வீதியில் அந்த முகப்புகளைச் சீரமைத்த பணிக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. தாழ்வாரத்தின் அழகை எல்லாரும் படம் எடுக்கிறார்கள். அது நடப்பவருக்கான இடம் என்பதை யாரும் கவனிப்பதாகத் தெரியவில்லை.

சைக்கிளைப் பற்றிச் சொல்லும்போது கொஞ்சம் பழங்கதை வந்துவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள். என் அப்பா ரோடியர் மில்லில் வேலை பார்த்தவர். ஏ.எஃப்.டி. (ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ்) என்றும் அழைக்கப்பட்டு, 2020-இல் மூடப்பட்ட அதே ஆலைதான். சங்கு ஊதியதும் கேட்டைத் திறந்தால் சைக்கிள்கள் வெள்ளம்போல் வெளியே வரும். கடலூர் சாலை முழுக்க மணியோசையாக இருக்கும். இரவு ஷிப்டு முடிந்து அப்பா தெருமுனையில் திரும்பும்போதே டைனமோ உரசும் சத்தத்தை வைத்து அம்மா எழுந்து கதவைத் திறப்பார். அந்தக் காலம் திரும்பி வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் சைக்கிள் போய்விட்டது என்று நினைப்பவர்கள் காலை ஆறு மணிக்கு எழுந்து பார்ப்பதில்லை. பேப்பர் போடுபவர், கட்டட வேலைக்குக் கரண்டியும் ரசமட்டமும் எடுத்துப் போகும் கொத்தனார், பத்துப் பாத்திரம் தேய்க்க நகரத்துக்குள் போகும் பெண்கள், டியூஷனுக்குப் போகும் பிள்ளைகள் இன்றும் சைக்கிளில்தான் போகிறார்கள். பெட்ரோல் போட முடிந்தவர்களின் அவசரத்துக்கு, போட முடியாதவர்கள் ஒதுங்கி வழிவிடுகிறார்கள். ஒதுங்கும் இடத்தில் என்ன இருக்கிறது? வாய்க்கால் மேல் போட்ட இரும்புக் கம்பித் தட்டிகளில் கம்பிகள் தெருவின் நீளவாக்கில் ஓடுகின்றன. சைக்கிளின் மெல்லிய டயர் அந்தச் சந்தில் இறங்கிக்கொண்டால் ஓட்டியவர் தலைகுப்புற விழுவார். தட்டியைக் கால் வட்டம் திருப்பிப் போட்டால் போதும். செலவு என்று சொல்லக்கூட எதுவும் இல்லை.

இவ்வளவு குறுகிய தெருவில் சைக்கிளுக்குத் தனித்தடம் கேட்பது அறிவீனம் என்பதை முதலில் நானே ஒப்புக்கொள்கிறேன். தனித்தடம் நூறடிச் சாலைக்குத் தேவை. இங்கே வேகம் குறைந்தாலே சைக்கிளுக்கு இடம் கிடைத்துவிடும். நடைபாதை விஷயம் வேறு. குடியிருப்புப் பகுதியில் குறைந்தது 1.8 மீட்டர் தடையற்ற அகலம், தரையிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு மேற்படாத உயரம் என்பது ஐ.ஆர்.சி.யின் 103-ஆம் நெறிமுறை. எங்கள் தெருவில் சில வீடுகளுக்கு முன் வாய்க்கால் சுவர் ஒன்றரை அடி உயரம். பக்கத்து வீட்டுக்கு முன் சிலாப்பே இல்லை. அதற்கடுத்த வீட்டில் கார் ஏற்றுவதற்கான சரிவு தெருவுக்குள் நீண்டிருக்கிறது. ஏறி இறங்கி, தாண்டி, வளைந்து நடக்க எழுபது வயதுக்காரரால் முடியாது. அவர் நடுத்தெருவில்தான் நடப்பார். இரண்டு பக்கமும் நடைபாதை கேட்டு எதுவும் கிடைக்காமல் போவதைவிட, ஒரு பக்க வாய்க்காலையாவது முனையிலிருந்து முனைவரை ஒரே மட்டத்தில் மூடி, அதையொட்டிச் சிறிது அகலப்படுத்தி 1.8 மீட்டரை நிறைவு செய்து கொடுங்கள். எதிர்ப்பக்கத்தில் மட்டும் வண்டிகளை நிறுத்த அனுமதியுங்கள்.

குறுக்குவழியாகப் பாய்வதைத் தடுக்க, ஒருவழிப் பாதையாக்கலாம் என்று எங்கள் தெருவில் பலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எதிரே யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்தால் ஓட்டுநரின் கால் இன்னும் அழுத்தும். நெல்லித்தோப்புப் பக்கம் போய் வந்தாலும், நகரத்தின் நேர்வீதிகளில் நின்று பார்த்தாலும் இது புரியும். நான் கேட்பது வேறு. தெருவின் நடுவில் ஓரிடத்தில் கழற்றி மாட்டக்கூடிய மூன்று தூண்களை நடுங்கள். நடப்பவர் போகலாம், சைக்கிள் போகலாம், சக்கர நாற்காலி போகலாம். இங்கே வீடு உள்ளவர்களும் அவர்களைத் தேடி வருபவர்களும் ஏதாவது ஒரு முனை வழியாக உள்ளே வந்து அதே வழியாகத் திரும்பிவிடலாம். ஊடுருவிப் போவது மட்டும் முடியாது. ஆம்புலன்சுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் தூணைக் கழற்றச் சாவி, அருகிலேயே இருக்கும் இரண்டு வீடுகளில் இருக்கட்டும். குப்பை வண்டி திரும்ப இடம் போதுமா, பைக்குகள் தூண்களின் இடையில் நுழைந்துவிடுமா என்பதெல்லாம் நியாயமான சந்தேகங்கள்தான். பைக் நுழையத்தான் செய்யும். ஆனால் நின்று, காலை ஊன்றி, வளைத்துத்தான் நுழையும். அந்த மட்டும் போதும். முதலில் தூணே வேண்டாம். கடற்கரைச் சாலையில் போடுவதுபோன்ற இரும்புத் தடுப்புகளை ஒரு மாதம் போட்டுப் பார்த்துவிட்டு, எது சரியாக வரவில்லையோ அதைத் திருத்திக்கொண்டு பிறகு முடிவு செய்யுங்கள்.

தெருவின் இரு முனைகளிலும், நுழையும் இடத்தில் தரையை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்தி, அகலத்தைக் கொஞ்சம் இறுக்கினால், சாலையை விட்டுவிட்டு வேறோர் இடத்துக்குள் நுழைகிறோம் என்பது ஓட்டுபவரின் உடம்புக்கே தெரியும். அங்கே முப்பது என்ற பலகையும் இருக்கட்டும். பலகையை மட்டும் நட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். எங்கள் ஊரில் பலகைகளைக் கல்யாணச் சுவரொட்டிக்காரர்கள்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள்.

என் தெருக்காரர்களுக்கும் இந்த மடலில் சொல்ல வேண்டியது இருக்கிறது; உங்களிடம் மட்டும் கேட்டுவிட்டுப் போனால் அது நேர்மையாகாது. வீட்டுக்குள் கார் நிறுத்த இடம் வைக்காமல் மூன்று மாடி கட்டிவிட்டு, காரைத் தெருவில் நிறுத்தி, அது அழுக்காகக் கூடாது என்று போர்வையும் போட்டு வைத்திருப்பவர்கள் நாம்தான். மணலும் ஜல்லியும் வாரக்கணக்கில் கொட்டிக் கிடப்பது நம் வீட்டு வாசலில்தான். பின்னால் சைக்கிள் வருகிறதா என்று பாராமல் கார்க் கதவைப் படாரென்று திறப்பதும் நம் பழக்கம். பதினாறு வயதுப் பிள்ளையிடம் ஸ்கூட்டர் சாவியைக் கொடுத்துக் கடைக்கு அனுப்புகிறோம். அவன் யார் மேலாவது மோதினால், சட்டத்தின் 199-ஏ பிரிவின்படி பெற்றோருக்கு மூன்று ஆண்டுவரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த ஒரு முழ மேட்டை உடைத்தெடுக்க நீங்கள் ஆள் அனுப்பினால், குறுக்கே நிற்க மாட்டோம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கித் தர நான் தயார். இருபத்தேழு வீட்டுக்காரர்கள் இதுவரை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். முனையில் மளிகைக் கடை வைத்திருப்பவர் மட்டும் தயங்குகிறார். வண்டி குறைந்தால் வியாபாரம் குறையும் என்பது அவர் கவலை. ஐம்பதில் பறப்பவர் கடையைப் பார்ப்பதே இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். ஒரு மாதச் சோதனைக்கு மட்டும் சம்மதம் என்கிறார். அவருடைய ஒரு மாதத்தை வீணாக்கிவிடாதீர்கள்.

சாப்பாடு கொண்டு தரும் பையன்களையும் நினைத்துப் பார்க்கிறேன். அவர்களுடைய கைப்பேசியில் நிமிடங்கள் குறைந்துகொண்டே வருகின்றன. வேகத்தைக் குறை என்று அவர்களிடம் சொல்வது எளிது. குறைத்தே ஆக வேண்டிய தெருவாக இருந்தால், தாமதத்துக்கு அவர்கள் யாரிடமும் பதில் சொல்ல வேண்டியிருக்காது.

எதிர்வீட்டு அக்காவின் கை கூடிவிட்டது. முழுதாக மடக்க மட்டும் இன்னும் வரவில்லை. இப்போது அவர் கேட்டுக்கு உள்ளே, டைல்ஸ் தரையில், நான்கு இழையில் ஒரு சின்னக் கோலம் போடுகிறார். வெளியே மருமகள் பெயிண்ட்டில் வரைந்துவைத்த கோலம் இருக்கிறது. அதன் மேல் டயர் ஏறினாலும் அழியாது.

அலுவலக நேரத்தில் வந்து பார்த்தால் எங்கள் தெரு சாதாரணமாகத்தான் தெரியும். காலை ஐந்தரையிலிருந்து ஏழுவரையோ, மாலையில் பள்ளி விட்டு ரயில்வே கேட்டும் மூடியிருக்கும் நேரத்திலோ, ஜீப்பைக் கடலூர் சாலையிலேயே நிறுத்திவிட்டு, முனையிலிருந்து முனைவரை ஒரு முறை நடந்து வாருங்கள். முடிந்தால் உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரையும் கூட்டி வாருங்கள். தனி மனுவில் என் கதவு எண் இருக்கிறது. வாசலில் நாற்காலி போட்டு வைக்கிறேன். சுவரை ஒட்டிப் போடுகிறேன்.

இப்படிக்கு,
முதலியார்பேட்டைத் தெருவாசி ஒருவர்
புதுச்சேரி